தவணை கேட்கும் பவளங்கள்

நுழையும்முன்

கல்லெனத் தோன்றும் பவளப்பாறை, கோடிக்கணக்கான நுண்ணிய விலங்குகள் சேர்ந்து எழுப்பிய குடியிருப்பு. கடல்நீர் வழக்கத்தைவிட ஓரிரு பாகை சூடேறினாலே அதன் நிறம் போய்விடுகிறது. அந்த வெண்மை இறப்பின் அடையாளமா, பிழைத்திருப்பதற்கான போராட்டத்தின் அடையாளமா என்பதை விளக்குகிறது இக்கட்டுரை.

சித்திரை மாதத்து நடுப்பகல். மன்னார் வளைகுடாவில் காற்று ஓய்ந்துவிடுகிறது. பகலெல்லாம் வெயிலை உள்வாங்கிய ஆழமற்ற நீர் இரவிலும் ஆறுவதில்லை. தீவுகளை ஒட்டி நீருக்குள் மூழ்கிப் பார்ப்பவர், இரண்டு மாதங்களுக்கு முன் பழுப்பாகவும் பச்சையாகவும் ஊதா நுனிகளோடும் இருந்த பவளக் கிளைகள் சுண்ணாம்பு பூசியவைபோல் வெளுத்து நிற்பதைக் காண்கிறார். இடையிடையே மீன்கள் திரிகின்றன. நீர் தெளிவாகவே இருக்கிறது. ஆனால், பாறை மட்டும் நிறமிழந்து நிற்கிறது.

இக்காட்சியை முதன்முறை காணும் எவருக்கும் தோன்றும் எண்ணம் ஒன்றுதான்: இவை இறந்துவிட்டன. அந்த எண்ணம் பெரும்பாலும் தவறு. வெளுத்து நிற்கும் அந்தக் கிளைகளில் உயிர் இன்னும் இருக்கிறது. அது பட்டினியோடு போராடிக்கொண்டிருக்கிறது. அந்தப் போராட்டத்தில் அது வெல்லுமா, வீழுமா என்பதைப் பல வேளைகளில் முடிவுசெய்வது காலம். சூடு எத்தனை பாகை ஏறியது என்பதோடு, அச்சூடு எத்தனை வாரம் நீடித்தது என்பதும் பவளத்தின் உயிரை நிறுத்துப் பார்க்கிறது.

கல்லுக்குள் ஓர் ஊர்

பவளம் என்ற சொல்லைக் கேட்டதும் தமிழர் மனத்தில் சிவப்பு நிறமே எழும். சங்கப் புலவர்கள் பொன்னோடும் முத்தோடும் சேர்த்துப் போற்றிய துகிர், அணிகலனில் பதிக்கும் செம்பவளம் ஆகும். அது ஒளி குறைந்த இடங்களில் வளரும் வேறோர் இனம். கரையோரத்தில் பாறை கட்டும் பவளம் வேறு. இலங்கைத் தமிழில் இதனை முருகைக்கல் என்பர்.

பாறை கட்டும் பவளத்தின் அடிப்படை உயிர் பாலிப் எனப்படும் சிறு விலங்கு. பெரும்பாலான இனங்களில் இது சில மில்லிமீட்டர் அளவே இருக்கும். ஒரு சிறு குழல், அதன் மேல்முனையில் ஒரு வாய், வாயைச் சுற்றி உணர்விழைகள். இவ்வளவே அதன் உடல். கடல்நீரில் கரைந்துள்ள கால்சியத்தையும் கார்பனேட்டையும் கொண்டு தன் அடியில் சுண்ணாம்புக் கிண்ணம் ஒன்றை அது கட்டிக்கொள்கிறது. ஆயிரக்கணக்கான பாலிப்புகள் ஒன்றோடொன்று இணைந்து வாழும்போது கிண்ணங்கள் சேர்ந்து கிளையாகவும் குன்றாகவும் தட்டாகவும் உருப்பெறுகின்றன. மான்கொம்புபோல் கிளைக்கும் பவளங்கள் ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டர் அளவுக்கும் வளரக்கூடும். உருண்டு திரண்ட குன்றுப் பவளங்களோ ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டரே வளரும். ஆள் உயரம் உள்ள ஒரு குன்றுப் பவளம் ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட உழைப்பின் சேமிப்பு.

இவ்வளவு கட்டுமானத்திற்கும் ஆற்றல் எங்கிருந்து கிடைக்கிறது? பாலிப்பின் திசுவுக்குள் ஒற்றைச்செல் பாசிகள் குடியிருக்கின்றன. அவை சூரிய ஒளியில் உணவு தயாரித்து, அதில் பெரும்பங்கைத் தமக்கு இடம் கொடுத்த பாலிப்புக்கே அளிக்கின்றன. பவளத்திற்குத் தேவையான ஆற்றலில் 90 விழுக்காடு வரை இப்பாசிகளிடமிருந்து கிடைக்கக்கூடும். கைம்மாறாகப் பாலிப்பு அவற்றுக்குப் பாதுகாப்பான இருப்பிடத்தையும், தன் கழிவிலிருந்து நைட்ரஜன், பாஸ்பரஸ் முதலிய சத்துகளையும் தருகிறது. சத்துக் குறைந்த வெப்பமண்டலக் கடலில் இவ்வளவு செழிப்பான வாழிடம் உருவானதற்கு இந்த உறவே காரணம். உலகக் கடல்தரையில் ஒரு விழுக்காட்டிற்கும் குறைவான இடத்தையே பவளப்பாறைகள் கொண்டுள்ளன. ஆயினும், கடல்வாழ் இனங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு தம் வாழ்வின் ஏதேனும் ஒரு கட்டத்தில் அவற்றைச் சார்ந்திருக்கின்றன.

பவளத்தின் நிறத்தில் பெரும்பகுதியும் அப்பாசிகள் தந்ததே.

உறவு முறியும் பொழுது

பவளங்கள் தாங்கக்கூடிய வெப்பத்தின் எல்லைக்கு மிக அருகிலேயே வாழ்கின்றன. ஓரிடத்தின் வழக்கமான கோடை உச்சத்தைவிட நீரின் வெப்பநிலை ஒரு பாகை செல்சியஸ் கூடி, அது சில வாரங்கள் நீடித்தால் போதும். உறவில் விரிசல் தொடங்கிவிடும். மிகுந்த வெப்பமும் கடுமையான ஒளியும் சேரும்போது பாசிகளின் ஒளிச்சேர்க்கை அமைப்பு பழுதடைகிறது. அப்போது உயிர்த்திசுவைச் சிதைக்கும் ஆக்சிஜன் வகைகள் மிகுதியாக உண்டாகின்றன. நேற்றுவரை உணவளித்த குடி, இன்று வீட்டுக்குள்ளேயே நஞ்சைச் சுரக்கும் நிலை. பாலிப்புகள் பாசிகளை வெளியேற்றத் தொடங்குகின்றன.

பாசிகள் நீங்கியதும் பாலிப்பின் திசு ஏறத்தாழ நிறமற்றதாகிவிடுகிறது. அதன் வழியே அடியிலுள்ள சுண்ணாம்புக் கூடு வெள்ளையாகத் தெரிகிறது. இதுவே பவள வெளிறல். சில இனங்கள் இந்நிலையில் கண்ணைப் பறிக்கும் நீலமாகவோ இளஞ்சிவப்பாகவோ ஒளிர்வதும் உண்டு. எஞ்சியுள்ள பாசிகளைக் கடும் ஒளியிலிருந்து காக்கும் நிறமிகளைப் பவளம் மிகுதியாகச் சுரப்பதன் விளைவு அது. காண்பவர் அழகு என வியக்கும் அந்த நிறம், உண்மையில் ஓர் அபாய அறிவிப்பு.

வெளிறிய பவளத்திற்கு முன் இரண்டு வழிகள் இருக்கின்றன. சில வாரங்களுக்குள் நீர் குளிர்ந்துவிட்டால், திசுவில் எஞ்சிய சிறிதளவு பாசிகள் மீண்டும் பெருகும். கடல்நீரில் மிதக்கும் பாசிகளும் புதிதாகக் குடியேறக்கூடும். நிறம் மெல்லத் திரும்பும். சூடு தணியாவிட்டால் பவளம் தன் சேமிப்புக் கொழுப்பைக் கரைத்து உயிர் வாழ்கிறது. சேமிப்புத் தீர்ந்ததும் பசியாலோ, தளர்ந்த உடலைத் தாக்கும் நோயாலோ மடிகிறது. வெப்பம் மிகக் கடுமையாக இருந்தால் பட்டினிக்கும் அவகாசம் இருப்பதில்லை. 2016ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டின் வடபகுதியில் எண்ணற்ற பவளங்கள் இரண்டு மூன்று வாரங்களிலேயே வெப்பத்தால் நேரடியாக மடிந்தன. அவ்வாண்டு எட்டு மாத இடைவெளியில் அத்திட்டின் ஆழமற்ற நீர்ப் பவளங்களில் ஏறத்தாழ 30 விழுக்காடு அழிந்தது.

இறந்த பவளம் நெடுநாள் வெண்மையாக இருப்பதில்லை. திசு அழிந்து, வெறும் கூடாகிய பின் சில நாள்களிலேயே அதன்மேல் பாசிப் படலம் படர்ந்து பசும்பழுப்பாக மாறிவிடுகிறது. ஆகவே, கடலடியில் காணும் தூய வெண்மை, அங்கே இன்னும் உயிர் இருக்கக்கூடும் என்பதன் அடையாளமே.

தெரியுமா?

வெளிறலை முன்கூட்டியே கணிக்க அறிவியலாளர் 'வெப்ப வாரம்' என்னும் அளவைப் பயன்படுத்துகின்றனர். ஓரிடத்தின் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு பாகை கூடுதலான வெப்பம் ஒரு வாரம் நீடித்தால் அது ஒரு வெப்ப வாரம். இரண்டு பாகை கூடுதலாக ஒரு வாரம் நீடித்தால் அது இரண்டு. இக்கணக்கு நான்கைத் தொடும்போது வெளிறல் எதிர்பார்க்கப்படுகிறது. எட்டைத் தொடும்போது பவளங்கள் பரவலாக இறக்கும் நிலை உண்டாகிறது. செயற்கைக்கோள்கள் அளக்கும் கடற்பரப்பு வெப்பநிலையைக் கொண்டு இக்கணக்கு போடப்படுகிறது.

எவை பிழைக்கின்றன?

ஒரே நீரில், ஒரே வெப்பத்தில் வாழ்ந்தாலும் எல்லாப் பவளங்களும் ஒரே முடிவை அடைவதில்லை. வேகமாக வளரும் கிளைப் பவளங்களின் திசு மெல்லியது, சேமிப்பும் குறைவு. அக்ரோபோரா இனத்தைச் சேர்ந்த மான்கொம்புப் பவளங்கள் விரைவில் வெளிறி, விரைவில் மடிகின்றன. மெதுவாக வளரும் போரைட்டீஸ் போன்ற குன்றுப் பவளங்களின் திசு தடித்தது, சேமிப்பும் மிகுதி. அவை வெளிறினாலும் நீண்ட நாள் தாக்குப்பிடித்து மீள்கின்றன. நல்ல விளைச்சல் ஆண்டில் குதிரில் நெல் சேர்த்து வைத்த குடும்பம் பஞ்சத்தைக் கடப்பது போன்றது இது.

வேறு சில பவளங்கள் தம் உணவு முறையையே மாற்றிக்கொள்கின்றன. பாசிகள் நீங்கியபின் உணர்விழைகளை நீட்டி, நீரில் மிதக்கும் நுண்விலங்குகளை மிகுதியாகப் பிடித்து உண்கின்றன. ஹவாய்த் தீவுகளில் வாழும் மாண்டிபோரா இனம் ஒன்று, வெளிறிய காலத்தில் இவ்வாறு தன் உணவுத் தேவையை நிறைவுசெய்ததை ஆய்வாளர் கண்டறிந்துள்ளனர். இன்னும் சில, வெப்பத்தைத் தாங்கும் வேறு வகைப் பாசிகளை மிகுதியாகக் கொண்டு மீள்கின்றன. அதற்கும் ஒரு விலை உண்டு. அவ்வகைப் பாசிகள் பவளத்திற்குக் கொடுக்கும் உணவு பெரும்பாலும் குறைவு. அதனால் வளர்ச்சியும் மந்தமாகிறது.

பிழைத்தவையும் முழு நலத்தோடு மீள்வதில்லை. பல பவளங்கள் ஆண்டுக்கு ஒருமுறை, முழுநிலவை ஒட்டிய இரவுகளில், முட்டைகளையும் விந்தணுக்களையும் நீரில் வெளியிட்டு இனத்தைப் பெருக்குகின்றன. கடும் வெளிறலுக்கு ஆளான பவளங்கள் அடுத்து வரும் பருவத்தில் குறைவாகவே முட்டையிடுகின்றன. நிறம் திரும்பிவிட்டது என்பதால் இழப்பு ஈடுசெய்யப்பட்டுவிட்டது என்று கொள்ள இயலாது.

மன்னார் வளைகுடாவின் கணக்கு

இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே வரிசையாக அமைந்த 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள் படர்ந்துள்ளன. நூற்றுக்கும் மேற்பட்ட பவள இனங்கள் இங்கே பதிவு செய்யப்பட்டுள்ளன. 1986ஆம் ஆண்டு இப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாகவும், 1989இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது.

இங்கே வெளிறல் புதியதன்று. கோடையில் நீரின் வெப்பநிலை 30 பாகையைக் கடந்து ஏறும்போது பவளங்கள் வெளிறுவதும், தென்மேற்குப் பருவக்காற்று வீசி நீர் குளிர்ந்தபின் சில மாதங்களில் அவை நிறம் பெறுவதும் கடந்த சில பத்தாண்டுகளில் திரும்பத் திரும்பக் காணப்படுகின்றன. சித்திரையில் வெளுத்த கிளை ஆடிக்காற்றுக்குப் பின் பழுப்பேறுகிறது. காற்று உரிய நேரத்தில் வந்தால் தவணை கிடைக்கிறது. காற்றுக்கு முன் சூடு எல்லை மீறிவிட்டால் தவணை தவறிப்போகிறது.

1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் அது தவறியது. உலகக் கடல்கள் பலவற்றையும் பாதித்த பெருவெளிறல்களின் பகுதியாகவே மன்னார் வளைகுடாவும் அப்போது துன்புற்றது. 2016க்கு முன் இப்பாறைகளில் ஏறத்தாழ 39 விழுக்காடாக இருந்த உயிர்ப்பவளப் பரப்பு, அவ்வாண்டு வெளிறலுக்குப்பின் ஏறத்தாழ 23 விழுக்காடாகக் குறைந்ததைத் தூத்துக்குடியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அளந்தறிந்தனர். கிளைப் பவளங்களே மிகுதியாக மடிந்தன. குன்றுப் பவளங்களில் பெரும்பாலானவை மீண்டன.

இந்த இழப்பு மனிதர் முன்பே விளைவித்த ஓர் இழப்பின்மேல் வந்து சேர்ந்தது. சுண்ணாம்புக் காளவாய்களுக்காகவும் கட்டுமானத்திற்காகவும் பல பத்தாண்டுகள் இக்கடலிலிருந்து பவளக்கற்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. கடப்பாரையால் பெயர்த்த கற்களை வள்ளங்களில் ஏற்றிக் கரை சேர்த்தவர்களுக்கு அது ஒரு நாட்கூலி. அந்தக் கூலியின் முழுவிலை பின்னரே தெரிந்தது. அலையைத் தடுத்து நின்ற பாறை குறைந்ததும், பின்னால் இருந்த மணல்தீவு கரைந்தது. 21 தீவுகளுள் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி ஆகிய இரண்டும் நீரில் மூழ்கிவிட்டன. 2001ஆம் ஆண்டு பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அதன்பின் கல்லெடுப்பது படிப்படியாக நின்றது. தூத்துக்குடிக்கு அருகேயுள்ள வான்தீவு மேலும் கரையாமல் இருப்பதற்காக அதன் அருகில் செயற்கைப் பாறைக் கட்டமைப்புகள் கடலில் இறக்கப்பட்டுள்ளன.

மீனவர் வாழ்வில் பவளப்பாறையின் இடம் எளிதில் விளங்கக்கூடியது. மீன்குஞ்சுகள் வளரும் தொட்டில் அது. புயற்காலத்தில் அலையின் வலிமையை உடைக்கும் மதில் அது. நல்ல நிலையிலுள்ள பவளப்பாறை, தன்மேல் மோதும் அலையின் ஆற்றலில் பெரும்பகுதியைக் குறைத்துவிடுகிறது. மடிந்த பவளத்தின் கூட்டைத் துளைக்கும் புழுக்களும் கடற்பஞ்சுகளும் சில ஆண்டுகளில் அதனை நொறுக்கிவிடும். அதன்பின் மதிலும் இல்லை, தொட்டிலும் இல்லை.

காவலின் எல்லை

பவளங்களைக் காக்கக் கரையிலிருப்பவர் செய்யக்கூடியவை பல. சாக்கடை நீரும் ஆலைக்கழிவும் கடலில் கலப்பதைத் தடுத்தல், பாறைமேல் இழுவை வலையும் நங்கூரமும் படாமல் காத்தல், பாசியை மேய்ந்து பாறையைத் தூய்மையாக வைத்திருக்கும் கிளிமீன் போன்றவற்றை அளவு மீறிப் பிடிக்காதிருத்தல், அயல்நாட்டுக் கடற்பாசி பவளத்தின்மேல் படரும்போது அகற்றுதல் ஆகியன அவற்றுள் சில. உடைந்த பவளத் துண்டுகளைச் சட்டங்களில் கட்டிக் கடலடியில் நட்டு வளர்க்கும் முயற்சியும் மன்னார் வளைகுடாவில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக நடைபெறுகிறது. பவளத்தின் குஞ்சுகள் பற்றி வளரத் தூய்மையான கடினப் பரப்பு தேவை. சேறும் பாசியும் மூடிய பாறையில் அவை ஒட்டுவதில்லை. ஆகவே, வெளிறலுக்குப்பின் ஒரு பாறை மீள்வதற்கு இச்செயல்கள் பேருதவி புரிகின்றன.

எனினும், இக்காவலுக்கு ஓர் எல்லை உண்டு. 2016இல் ஆஸ்திரேலியாவில் மிகக் கடுமையாக வெளிறிய பகுதி, மனித நடமாட்டம் குறைந்த, தூய நீர் நிறைந்த வடபகுதியே ஆகும். நல்ல காவலும் தூய நீரும் அங்கே வெப்பத்தைத் தடுக்கவில்லை. வேலி ஆட்டைத் தடுக்கும், வெயிலைத் தடுக்காது. நிலக்கரியும் எண்ணெயும் எரித்து வளிமண்டலத்தில் சேர்த்த வளிகள் பிடித்துவைத்த கூடுதல் வெப்பத்தில் 90 விழுக்காட்டிற்கு மேல் கடல்களே உள்வாங்கியுள்ளன. அந்த வெப்பம் குறையாமல் எந்தக் காவலும் நிலைத்த பயன் தராது.

இங்கே மீண்டும் காலமே கணக்காகிறது. 1980களின் தொடக்கத்தில் ஒரு பவளப்பாறை 25 முதல் 30 ஆண்டுகளுக்கு ஒருமுறை கடும் வெளிறலைச் சந்தித்தது. 2016 அளவில் அந்த இடைவெளி சராசரியாக ஆறு ஆண்டுகளாகச் சுருங்கிவிட்டது. வேகமாக வளரும் கிளைப் பவளங்களும் பழைய நிலைக்கு வரப் பத்து ஆண்டுகளுக்கு மேல் வேண்டும். நோயிலிருந்து எழுந்து உட்கார்ந்தவர் மேல் மீண்டும் மீண்டும் காய்ச்சல் விழுவது போன்ற நிலை இது. 2024 ஏப்ரலில் நான்காவது உலகளாவிய வெளிறல் அறிவிக்கப்பட்டது. புவியின் சராசரி வெப்பநிலை, தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட 1.5 பாகை உயர்ந்தால் பவளப்பாறைகளில் 70 முதல் 90 விழுக்காடும், 2 பாகை உயர்ந்தால் 99 விழுக்காட்டிற்கு மேலும் அழியக்கூடும் என்பது காலநிலை மாற்றத்திற்கான பன்னாட்டு அரசுக் குழு 2018இல் வெளியிட்ட மதிப்பீடு. அரைப் பாகைதான் வேறுபாடு. கையால் தொட்டுப் பார்த்தால் உணர முடியாத அந்த அரைப் பாகையில், பத்தில் ஒன்றிலிருந்து மூன்று பங்கு வரை எஞ்சியிருப்பதா, ஏறத்தாழ ஒன்றுமே எஞ்சாமல் போவதா என்பது அடங்கியிருக்கிறது.

காற்றுக்காகக் காத்திருத்தல்

ஆடி பிறக்கிறது. தென்மேற்கிலிருந்து காற்று வீசுகிறது. கடல் கலங்கி, மேல்நீரும் அடிநீரும் கலந்து, சூடு மெல்லத் தணிகிறது. சித்திரையில் வெளுத்து நின்ற பவளத்தை இப்போது நெருங்கிப் பார்த்தால், கிளையின் அடிப்பகுதியில் மங்கிய பழுப்பு நிறம் ஒரு கறைபோல் தெரிகிறது. அதே கிளையின் நுனியில் பசும்பாசி படர்ந்திருக்கிறது. ஒரே கிளையில் ஒரு பகுதி மீண்டுவிட்டது. ஒரு பகுதி போய்விட்டது. மீண்ட பகுதி, மடிந்த நுனியின் ஓரத்திலிருந்து மீண்டும் சுண்ணாம்பைக் கட்டத் தொடங்குகிறது.

பவளத்தால் இடம்பெயர இயலாது. குளிர்ந்த நீரைத் தேடிச் செல்லக் கால்களோ துடுப்புகளோ அதற்கு இல்லை. நின்ற இடத்தில் நின்று, இருப்பதைச் சிக்கனமாகச் செலவழித்து, காற்று வரும்வரை காத்திருப்பது ஒன்றே அதற்குத் தெரிந்த வழி. பல்லாயிரம் ஆண்டுகளாக அந்தக் காத்திருப்பு வீண்போகவில்லை. காற்றுக்கு முன் வந்த கோடைகளின் சூடு அதன் சேமிப்புக்குள் அடங்கியதாக இருந்தது. இன்று அச்சூட்டின் அளவையும் அது திரும்பி வரும் இடைவெளியையும் மாற்றியிருப்பது மனிதரின் உலைகளும் ஊர்திகளும் ஆகும். ஆகவே, பவளம் கேட்கும் தவணையைக் கொடுக்கும் இடத்தில் இப்போது இருப்பது காற்று மட்டுமன்று.

அடுத்த சித்திரை வருவதற்கு எட்டு மாதங்கள் உள்ளன. அதற்குள் அந்தக் கிளை, கூடிப்போனால் விரற்கடை நீளமே வளர்ந்திருக்கும்.